இரவல் நெஞ்சு

போன வாரம் எங்கள் பிளாக் மயில் வந்து, வாசலில் காயப்போட்டிருந்த மணத்தக்காளி வற்றலைக் காலி செய்த கதையை எழுதியிருந்தேன். ‘குழம்பையும் வைத்துக் கொடுத்திருக்கலாமே மேடம்’ என்று சிலர் கிண்டல் செய்திருந்தீர்கள். இந்த வாரமும் அப்படி ஏதாவது சிரிக்கச் சிரிக்க எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வயிறு எரிகிறது.

விஷயம் தொடங்கியது சில வாரங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முடிவு தெரியட்டும், அப்புறம் எழுதலாம் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை ஏழுமலை வந்தார். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) முத்தாண்டிக்குப்பத்துக்காரர். மைன்ஸ் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறார். கரியை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் எந்நேரமும் தூள் கொட்டும். அதை மண்வெட்டியால் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பெர்மனென்ட் கிடையாது. பல வருஷமாக கான்ட்ராக்ட்தான். வார லீவு நாளில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் மேல்தொட்டி கழுவிக் கொடுப்பார், முருங்கைக் கிளை வெட்டிக் கொடுப்பார். ஏணியில் ஏறும்போதே இருமிக்கொண்டு ஏறுவார். “சளிம்மா, பனி ஒத்துக்கல” என்பார். சித்திரை மாதத்திலும் அதே பனிதான்!

அன்று அவர் கையில் அரிவாள் இல்லை. கூட மனைவி அஞ்சலை வந்திருந்தாள். பலாப்பழ சீசனில் சுளை எடுத்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் அஞ்சலைதான். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

“நெஞ்சுல கோளாறுன்னு வந்துருக்குதும்மா. கேட் பாஸ நிறுத்தி வெச்சிட்டாங்க” என்று போனை நீட்டினார் ஏழுமலை.

கான்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து வந்த மெசேஜ். அவர் பெயர். பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை – ‘அன்ஃபிட்’. கீழே, குணமானதற்கு டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டுவந்தால் பாஸ் புதுப்பிக்கப்படும் என்று ஒரு வரி. என்ன நோய், எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன மருந்து... ம்ஹூம். ஒன்றும் இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வேன்!

அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தனியார் கம்பெனியின் எக்ஸ்ரே வேன். கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு கேட் பாஸ் புதுப்பிக்க மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள் இல்லையா? முன்பெல்லாம் படத்தை ஒரு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இப்போது கம்ப்யூட்டரே பார்த்துவிடுகிறது. டீப் லேர்னிங் என்கிறார்கள். ஏகப்பட்ட எக்ஸ்ரே படங்களைக் காட்டி, ‘இது நோயுள்ள நுரையீரல், இது நல்ல நுரையீரல்’ என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். புதுப் படத்தைக் காட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் சந்தேகமான இடத்தில் சிவப்பாக ஒரு திட்டுப் போட்டுக் காட்டிவிடும்.

டவுன்ஷிப் சமுதாயக் கூடத்தில் அதைச் செய்து காட்டியபோது நானும் போயிருந்தேன். ‘டாக்டர் கண்ணுக்குத் தப்பினதுகூட இதுக்குத் தப்பாது மேடம்’ என்று டை கட்டிய ஒரு தம்பி சொன்னார். அசந்துபோய்க் கை தட்டிவிட்டு, கொடுத்த சமோசாவையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

“அந்த மெஷின் சொன்னது தப்பும்மா. சத்தியமா தப்பு” என்றார் ஏழுமலை.

போதாதா எனக்கு? ‘மனுஷனைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வயிற்றில் அடிக்கும் மெஷின்!’ என்று தலைப்பே ரெடியாகிவிட்டது. அடுத்த வாரப் பத்தி கையில் கிடைத்த மாதிரிதான். பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டேன்.

“தப்புன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

ஏழுமலை தலையைச் சொறிந்தார். அஞ்சலையைப் பார்த்தார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரை எட்டிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அது என் நெஞ்சே இல்லீங்க.”

“பின்னே?”

“மச்சானோடதும்மா. தனசேகரு. என் டோக்கனக் குடுத்து அவனத்தான் வேனுக்கு அனுப்பிச்சேன்.”

சிரித்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போக நகை இரவல் வாங்குவார்கள். பட்டுப்புடவை இரவல் வாங்குவார்கள். நெஞ்சை இரவல் வாங்குவதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ஆனால் அவர்கள் மத்தியில் இது ரொம்ப சாதாரணமாம். அவர் கேங்கில் இருமுகிற ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘நல்ல நெஞ்சு’ உண்டாம். ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்குச் சகலை, இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். எல்லார் முகத்திலும் மாஸ்க். வேனில் பெயரைக் கூப்பிடுவார்கள். யார் ஏறி நிற்கிறாரோ அவர்தான் அந்தப் பெயர்! ஏழுமலைக்கு வருஷா வருஷம் அஞ்சலையின் தம்பி தனசேகர். இவர்கள் வீட்டிலேயே தங்கி முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவன். கபடி ஆட்டக்காரன்.

“ஒரே மூச்சுல பாடிக்கினே போயி கோட்டத் தொட்டுட்டுத் திரும்பி வர்றவம்மா அவன். அவன் நெஞ்சுக்கு என்னா கொறச்சல்? பீடி கெடையாது, பிராந்தி கெடையாது. அதான் அவன அனுப்பறது.”

“நீங்க ஏன் போகல?”

“காலையில எழுந்து துப்பினா கறுப்பா வருதுங்க. அத்தப் போயி படம் புடிச்சா பாஸ் குடுப்பானா? முன்ன டாக்டரு படம் பாத்துக்கினு இருந்தப்ப, எங்கூட வேல செஞ்ச ஒருத்தன் நேர்மையாப் போயி நின்னான். மறுநாளே வூட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்க. என்னா மருந்து சாப்புடணும்னுகூட யாரும் சொல்லல. இப்ப குள்ளஞ்சாவடியில ஒரு கடை வாசல்ல காவலுக்கு ஒக்காந்துக்கினு இருக்கறான்.”

சொல்லுங்கள், இந்த மனிதரை நான் என்னவென்று திட்டுவது? ஆள் மாறாட்டம் தப்புதான். ஆனால் நோய் இருக்கிறது என்று சொன்னால் மருந்து கிடைக்கும் என்றிருந்தால், யாராவது மச்சான் நெஞ்சை இரவல் வாங்குவார்களா?

பேப்பரை மடித்துவிட்டு என் கணவரும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் பெர்மனென்ட் பார்ட்டி, சட்டம் பேசுவார். “மறுபடி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க” என்றார். எதற்கு என்று கேட்டால்? ‘போன தடவை நான் வரவில்லை’ என்றா எழுதுவது? ஏமாற்றினான் என்று ஒரேயடியாகத் துரத்திவிடுவார்கள். சரி, குணமான சர்டிஃபிகேட் வாங்கலாமே என்றால், இல்லாத நோய்க்கு எங்கே போய் மருந்து சாப்பிட்டு எப்படிக் குணமாவது? மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கேட் பாஸ், கேட் பாஸ், கேட் பாஸ்... இதே பேச்சுதான்.

அஞ்சலை முருங்கை மரத்தடியில் நின்றிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

“ஏம்மா... அந்த மெஷின் எடுத்தது எந்தம்பி நெஞ்சத்தான?”

“ஆமா அஞ்சலை, அதைத்தான் சொல்லிட்டிருக்கோம்.”

“அப்ப அந்தக் கோளாறு எந்தம்பிக்குத்தான?”

எம்.ஏ. படித்த எனக்கு இது தோன்றவில்லை. சட்டம் பேசிய என் கணவருக்குத் தோன்றவில்லை. மெஷின் தப்பு, மெஷின் தப்பு என்று குதித்தோமே... தப்பாகச் சொல்லவில்லையென்றால்?

“தீவாளிக்கு எடுத்த சட்ட இப்பத் தொளதொளன்னு கெடக்குது. சாயங்காலமானா காயுது ஒடம்பு. கேட்டா, பிராக்டிஸ் ஜாஸ்தி அக்கான்னு சொல்லிக்கினு இருக்கறான்” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் படம் கிடைத்தால் நேராக டாக்டரிடம் காட்டலாமே என்று மறுநாள் வேன் கம்பெனிக்குப் போன் போட்டேன். அதே டை தம்பிதான் பேசினார். ரொம்ப மரியாதை.

“சாரி மேடம். ரிப்போர்ட் கிளையன்ட்டுக்கு மட்டும்தான் கொடுப்போம்.”

“கிளையன்ட் யாருப்பா?”

“கான்ட்ராக்டர் மேடம்.”

எனக்கு வந்ததே கோபம்! எக்ஸ்ரே எடுக்கும்போது ‘மூச்சை இழுத்துப் பிடி’ என்று யாரிடம் சொன்னார்கள்? கிளையன்ட்டிடமா? சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றது கிளையன்ட்டா? நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று சிவப்பு மை வைத்துக் காட்டுகிற படம், சம்பளம் கொடுக்கிறவரின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. நெஞ்சுக்குச் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை. அதுவும் மருந்துச் சீட்டில் எழுதுகிற வார்த்தை இல்லை. பழைய டயரைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற வார்த்தை.

தனசேகரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்குள் அஞ்சலைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “திருவதிகையில மேட்ச் இருக்குதுக்கா, முடிச்சிட்டு வரேன்” என்று நழுவப் பார்த்திருக்கிறான். அவள் ஒரே பேச்சு பேசினாளாம்: “நீ வரலன்னா நான் மைதானத்துக்கே வந்து நடுக்கோட்டுல ஒக்காந்துக்குவேன்.” வந்துவிட்டான். கூட நானும் போனேன்.

சளி டெஸ்ட் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். டிபி. நெஞ்சு டாக்டர் ஓர் இளம் பெண். படபடவென்று பேசினார்.

“நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. மாத்திரை இங்கேயே இலவசம். ஒரு நாள்கூட விடாமச் சாப்பிட்டா பூரணமா குணமாயிடும். அது வரைக்கும் கபடி வேணாம். ஆமா, இருமல்கூட அதிகமா இல்லையே... யாரு கண்டுபிடிச்சா?”

யார் என்று சொல்வது? மெஷின்தான் கண்டுபிடித்தது. இதை நான் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அது பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் யார் கண்ணுக்கும் தெரியாமல், கபடி ஆடுகிற உடம்புக்குள் ஒளிந்திருந்த ஒன்றை அது பார்த்துவிட்டது. ஆனால் பார்த்ததை எடுத்துப்போய் வேறு பெயரில், வேறு யாரிடமோ கொடுத்தது. அஞ்சலை மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், நாங்கள் எல்லோரும் சேர்ந்து மெஷினைத் திட்டித் தீர்த்திருப்போம். தனசேகர் இந்நேரம் திருவதிகை மைதானத்தில் ரத்தம் துப்பிக்கொண்டிருப்பான்.

கூடவே இருக்கிறவர்களும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அஞ்சலைக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை. அடுத்து ஏழுமலை. தன் சொந்த நெஞ்சோடு ஓர் எக்ஸ்ரே மெஷின் முன்னால் அவர் நின்று எத்தனையோ வருஷமாகிறது. குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊத முடியாமல் இருமி, கண்ணெல்லாம் சிவந்து, மறுபடி ஊதினார்.

டாக்டர் திரையில் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “டிபி இல்ல. ஆனா தூசி படிஞ்சு நுரையீரல் பாதிச்சிருக்கு. எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பார்க்கணும். முன்னாடி எடுத்த எக்ஸ்ரே ஏதாச்சும் இருக்கா?”

ஏழுமலை தன் மச்சானைப் பார்த்தார்.

“வருசா வருசம் எடுத்துருக்குதுங்க டாக்டரம்மா. ஆனா அதெல்லாம் இவனுது.”

டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இனிமே தூசியில நிக்காதீங்க. படிஞ்சது போகாது. மேல படியாமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்.”

“வேற வேலைக்கு எங்கம்மா போறது?” என்றார் ஏழுமலை. அதற்கு அந்தப் பெண்ணிடம் மாத்திரை இல்லை.

திரும்பி வந்ததும் ஏழுமலை ஒரு முடிவெடுத்தார். ஆபீஸில் உண்மையைச் சொல்லிவிடுவது. பெல்ட்டைத் தவிர வேறு வேலை கேட்பது. துணைக்கு நானும் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். டீ சொன்னார். ஏழுமலை முழுவதையும் சொல்லி முடித்தார். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவே இல்லை. சிரித்தார்.

“இது எங்களுக்குத் தெரியாதாண்ணே? பாதிப் பேரு இப்படித்தான வர்றாங்க. வேற வேல ஒண்ணும் காலி இல்ல. வேன் வியாழக்கிழம மறுபடி வருது. சர்டிஃபிகேட் இல்லாட்டியும் அன்ஃபிட் ஆனவங்களுக்கு இன்னொரு சான்ஸ் உண்டு. இந்த வாட்டி நல்ல நெஞ்சாப் பாத்துக் கூட்டிக்கினு வாங்க.”

ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துபோயிற்று. ‘அப்ப எதுக்குங்க அந்த மெஷின்?’ என்று மட்டும் கேட்டேன்.

“ரெக்கார்டுக்கு மேடம். எல்லாருக்கும் செக்கப் பண்ணியாச்சுன்னு காட்டணுமில்ல?”

அத்தனை மூளை, அத்தனை படிப்பு, ராத்திரி பகல் பாராமல் எங்கேயோ உட்கார்ந்து அதைப் பழக்கிய பிள்ளைகளின் உழைப்பு... எல்லாம் எதற்கு? ரெக்கார்டுக்கு! கண்ணுக்குத் தெரியாத நிழலைக் கண்டுபிடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில், மாஸ்க்கை இறக்கி முகத்தைப் பார்க்க ஓர் ஆள் போடவில்லை. போடத் தெரியாமல் இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் அந்த மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே! பெயரை நீக்குவது சுலபம். ஆளுக்கு வைத்தியம் பார்ப்பது செலவு. இதைச் சொன்னால், ‘டெக்னாலஜியை எதிர்க்காதீர்கள் மேடம்’ என்று ஒரு கடிதம் வரும். நான் எங்கே ஐயா டெக்னாலஜியை எதிர்த்தேன்?

வியாழக்கிழமை ஏழுமலை யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. சகலை ஒருவர் வரத் தயாராக இருந்தாராம். அஞ்சலையே கூட, “இந்த ஒரு வாட்டி மட்டும்” என்று கெஞ்சியிருக்கிறாள். வீட்டில் இரண்டு வாரமாகச் சம்பளம் இல்லை. இவர் அசையவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்குச் சொன்னார்:

“அந்தாளு நெஞ்சுல என்னா இருக்குதோ யாருக்குத் தெரியும்மா? எம் பேருல வந்து நின்னு, அவனுக்கு ஒண்ணு இருந்து, அத்த எனக்குன்னு எழுதிக்கினா... அவனுக்கு யாரு சொல்லுவா? மச்சானுக்கு இவ கேட்டா. எல்லாருக்கும் இவ இருக்காளா?”

அவரே போனார். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் பெயரைக் கூப்பிட்டபோது ஏறி, தன் சொந்த நெஞ்சைப் பலகையில் வைத்து நின்றார். வேலை போகும் என்று தெரிந்தேதான் நின்றார். முந்திரித் தோப்பில் கூலிக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மறுநாள் மெசேஜ் வந்தது. ஏழுமலை – ‘ஃபிட்’.

முதலில் என்னால் நம்ப முடியவில்லை. இன்னொரு குளறுபடியா? மறுபடியும் டை தம்பிக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“ரிசல்ட் கரெக்ட்தான் மேடம். எங்க சிஸ்டத்தை டிபிக்கு மட்டும்தான் ட்ரெயின் பண்ணியிருக்கு. அவருக்கு டிபி இல்ல. அதனால ஃபிட். தூசி பாதிப்பையும் பார்க்கணும்னா தனியா அதுக்குப் பழக்கணும். பண்ணலாம் மேடம், முடியாதுன்னு இல்ல. ஆனா கிளையன்ட் அதைக் கேக்கல.”

கேட்க மாட்டார். ஏன் கேட்பார்? டிபி என்பது தொழிலாளி வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் நோய். அதைக் கண்டுபிடித்தால் ஆளை வெளியே அனுப்பலாம். தூசி அங்கேயே, அந்த பெல்ட்டுக்கு அடியிலேயே கிடைத்த நோய். அதைக் கண்டுபிடித்தால் பதில் சொல்ல வேண்டும். டாக்டர் கண்ணுக்குத் தப்பினதுகூட இதற்குத் தப்பாது என்றார்களே... டாக்டர் கண்ணில் பட்டது இதற்குத் தப்பிவிட்டது! தப்பவில்லை. தேடச் சொல்லவில்லை. அன்று சமுதாயக் கூடத்தில் கை தட்டினேனே, யாராவது எழுந்து ‘இது எதையெல்லாம் பார்க்காது?’ என்று கேட்டிருக்க வேண்டாமா?

தனசேகர் தேறி வருகிறான். பசி எடுக்கிறதாம். அந்த மெஷினுக்குக் கற்பூரம் காட்ட வேண்டும் என்று சிரிக்கிறான். காட்டட்டும், அவனைப் பொறுத்தவரை அது நியாயம்தான்.

ஏழுமலை மறுபடி பெல்ட்டுக்கு அடியில் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். போக வேண்டாம் என்று வாய் வரை வந்தது. சொல்லி? பாஸ் இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஸ்கூல் திறக்கப் போகிறது. டாக்டர் ‘தூசியில் நிற்காதே’ என்று சொன்னதைக் காட்டி லீவு கேட்டாராம். ‘மெஷினே ஃபிட்டுன்னு சொல்லிடுச்சு, அப்புறம் என்னாண்ணே?’ என்றாராம் சூப்பர்வைசர்.

இந்த ஞாயிறு எங்கள் வீட்டு மேல்தொட்டியைக் கழுவ வந்தார். ஏணியில் பாதி ஏறியதும் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, மூச்சுக்குத் திணறினார். “இறங்குங்க ஏழுமலை, தொட்டி கிடக்கட்டும்” என்று கீழேயிருந்து கத்தினேன். கையை ஆட்டிக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். இருமி முடித்தார். அப்புறம் குனிந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஒண்ணுமில்லம்மா... நான் ஃபிட்டுதான்.”